ஐஸை உருக்கும் உப்பு பாலை எப்படி உறைய வைக்கிறது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "குளிர்நாடுகளில் ரோட்டுப் பனியை உருக்க உப்புத் தூவுகிறார்கள். இங்கே குல்ஃபிக்காரர் பாலை உறைய வைக்க ஐஸில் உப்புப் போடுகிறார். ஊறுகாய் கெடாமல் இருக்கவும் உப்பு, அட்டையைக் கொல்லவும் உப்பு. வயலில் உப்பு ஏறினால் பயிர் சாகிறது, தென்னங்கன்று நடும்போது மட்டும் குழியில் கல்லுப்புப் போடச் சொல்கிறார்கள். இதற்கெல்லாம் தனித்தனிக் காரணமா, ஒரே காரணமா?"

பெரும்பாலானவற்றுக்கு ஒரே காரணம்தான். தென்னை மட்டும் தனிக் கதை, அதைக் கடைசியில் பார்ப்போம்.

காரணம் சின்னது. உப்பு எந்தப் பக்கம் அதிகமோ, தண்ணீர் அந்தப் பக்கம் போகும். போனது எளிதில் திரும்பாது. ஐஸ் பெட்டியிலும் ஊறுகாய் ஜாடியிலும் செடியின் வேரிலும் நம் குடலிலும் இதே கணக்குதான் ஓடுகிறது. ஒவ்வோர் இடத்திலும் உப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டே வந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கொஞ்சம் வேதியியல் சொல்லிவிடுகிறேன். சமையல் உப்பு சோடியம் குளோரைடு. தண்ணீரில் போட்டதும் சோடியம் அயனி தனி, குளோரைடு அயனி தனி என்று பிரிந்துவிடும். நீர் மூலக்கூறுக்கு ஒரு முனையில் லேசான நேர்மின்னும் இன்னொரு முனையில் லேசான எதிர்மின்னும் உண்டு. அதனால் ஒவ்வோர் அயனியையும் சுற்றி நீர் மூலக்கூறுகள் மொய்த்து நிற்கின்றன. இப்படி உப்புக் கலந்த நீருக்கு, ஆவியாகவோ ஐஸாகவோ பக்கத்துச் செல்லுக்குள்ளோ போகிற போக்கு குறைகிறது. கீழே நான் "உப்பு நீரைப் பிடித்து வைக்கிறது" என்று சொல்லும்போதெல்லாம் இதைத்தான் சொல்கிறேன். கறாராகப் பார்த்தால், இந்த ஈர்ப்பைவிடக் கரைந்த துகள்களின் எண்ணிக்கைதான் பெரிய காரணம். அதனால் சர்க்கரையும் இதே வேலையைச் செய்யும். ஆனால் சர்க்கரை மூலக்கூறு கனமானது, கரைந்தாலும் உடையாது. உப்பு லேசானது, இரண்டாக உடைகிறது. ஒரு கிலோ உப்பு செய்வதைச் செய்ய ஏறக்குறைய 12 கிலோ சர்க்கரை வேண்டும். ஜாமுக்குப் பழத்துக்குச் சமமாகச் சர்க்கரை கொட்ட வேண்டியிருப்பதும், ஊறுகாய்க்குக் கைப்பிடிக் கணக்கில் உப்புப் போதுமாக இருப்பதும் இதனால்தான்.

சரி, குல்ஃபிக்கு வருவோம்.

0 டிகிரியில் ஐஸும் தண்ணீரும் சேர்ந்து இருக்கும்போது, ஐஸிலிருந்து மூலக்கூறுகள் கழன்று தண்ணீருக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன. தண்ணீரிலிருந்தும் மூலக்கூறுகள் வந்து ஐஸில் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. போவதும் வருவதும் சமம். இப்போது உப்புப் போடுங்கள். உப்பு தண்ணீரில்தான் கரையும், ஐஸின் படிகத்துக்குள் நுழையாது. ஆகவே தண்ணீர்ப் பக்கத்து மூலக்கூறுகள் ஐஸுக்குத் திரும்பி வருவது குறைகிறது. கழன்று போவது மட்டும் பழைய வேகத்திலேயே நடக்கிறது. ஐஸ் உருகுகிறது.

உருகுவதற்கு வெப்பம் வேண்டும். ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி. அதாவது 80 கிராம் தண்ணீரை ஒரு டிகிரி குளிர வைக்க எவ்வளவு வெப்பத்தைப் பிடுங்க வேண்டுமோ அவ்வளவு. அந்த வெப்பத்தை உப்பு தருவதில்லை. பக்கத்தில் எது இருக்கிறதோ அதனிடமிருந்துதான் எடுக்க வேண்டும்: மிச்ச ஐஸ், அதைச் சுற்றிய உப்பு நீர், அதில் புதைந்திருக்கும் குல்ஃபிக் குப்பி. எல்லாம் சேர்ந்து 0 டிகிரிக்குக் கீழே இறங்குகின்றன. உப்பு போதுமான அளவு இருந்தால் இந்தக் கலவை மைனஸ் 21 டிகிரிவரை போகும், அதற்குக் கீழே போகாது. கரைசலில் எடைக்கு 23 சதவீதம் உப்பு இருக்கும்போது அந்த எல்லை வரும். வெறும் ஐஸுக்குள் வைத்தால் 0 டிகிரிதான் கிடைக்கும். சர்க்கரை கலந்து காய்ச்சிய பால் 0 டிகிரியில் உறையாது, ஏனென்றால் அதிலும் கரைந்த பொருள் இருக்கிறது! ராத்திரியில் மணியடித்துக்கொண்டு வரும் தள்ளுவண்டியில், பானைக்குச் சிவப்புத் துணி சுற்றியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளி வெப்பம் உள்ளே வராமல் தடுப்பதில் அந்தத் துணிக்கும் பங்கு உண்டு. தடுக்காவிட்டால் ஐஸ் தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தெருவிடமிருந்தே எடுத்துக்கொண்டு உருகிவிடும், பால் பாலாகவே இருக்கும்.

ரோட்டில் நடப்பது அப்படியே இதுதான். ரோடும் நிலமும் காற்றும் பெரியவை, வெப்பம் தந்துகொண்டே இருப்பவை. எனவே அங்கே குளிர்வது கண்ணுக்குத் தெரியாது, உருகுவது மட்டும் தெரியும். ஒரே நிகழ்ச்சி, பார்க்கிற ஆள்தான் வேறு. குல்ஃபிக்காரருக்குக் குளிர்தான் சரக்கு, உருகிய தண்ணீர் கழிவு. டொராண்டோ நகராட்சிக்கு நேர்மாறு.

மைனஸ் 21 என்பது சோதனைச்சாலைக் கணக்கு. நடைமுறையில் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போனாலே ரோட்டில் உப்பின் வேலை மிகவும் மந்தமாகிவிடும். அப்போது கால்சியம் குளோரைடு போடுவார்கள், அது இன்னும் கீழேவரை வேலை செய்யும், கரையும்போது வெப்பத்தையும் வெளிவிடும். கனடாவில் இருக்கிற நம்மவர்களுக்குக் குளிர்காலக் காலணியில் படியும் வெள்ளைக் கோடுகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. காரின் அடித்தகடு துருப்பிடிப்பதும் அந்த உப்பால்தான். வசந்தத்தில் அத்தனை உப்பும் ஏரிக்கும் நிலத்தடி நீருக்கும் போகிறது.

நம் ஊரில் இதே தத்துவத்தைத் தொழிலாகப் பார்க்க வேண்டுமென்றால் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஐஸ் பிளான்ட்டுக்குப் போக வேண்டும். பெரிய தொட்டியில் உப்பு நீரை 0 டிகிரிக்கு நன்றாகக் கீழே குளிரூட்டி வைத்திருப்பார்கள், அது உறையாது. அதற்குள் நல்ல தண்ணீர் நிரப்பிய நீளத் தகர டப்பாக்களை இறக்குவார்கள், அது உறைந்துவிடும். ஐஸ் பார் தயார். இங்கே ஐஸில் யாரும் உப்புப் போடவில்லை. உறையாமல் குளிரைச் சுமந்து செல்லும் வண்டியாக உப்பு நீரைப் பயன்படுத்துகிறார்கள், அவ்வளவுதான்.

கடலும் ஒரு உப்புத் தொட்டிதான். லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அதனால் கடல்நீர் மைனஸ் 1.9 டிகிரி அளவில்தான் உறைகிறது. உறையும்போது உப்பை வெளியே தள்ளிவிடுகிறது, ஏனென்றால் ஐஸ் படிகத்தில் உப்புக்கு இடமில்லை. துருவக் கடல்களில் பல வருடம் பழகிய பனிக்கட்டியை உருக்கினால் குடிக்கக்கூடிய அளவுக்கு நல்ல தண்ணீர் கிடைக்கும். வெளியே தள்ளப்பட்ட அடர் உப்பு நீர் கனமானது, ஆழத்துக்கு இறங்கும். பெருங்கடலின் ஆழ்நீரோட்டங்களுக்கு இது ஒரு முக்கியத் தூண்டுதல்.

கொதிநிலை பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இதைச் சுற்றி ஒரு நம்பிக்கை உலவுகிறது. உலையில் உப்புப் போட்டால் சீக்கிரம் கொதிக்காது. கொதிநிலை ஏறத்தான் செய்யும். ஆனால் ஒரு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டால் ஏறுவது 0.1 டிகிரிதான், சமையலில் அதற்கு எந்த அர்த்தமும் இல்லை. கொதிக்கப் போகிற தண்ணீரில் உப்பைக் கொட்டியதும் குபுகுபுவென்று பொங்குகிறதே என்பார்கள். உப்புக் கல்லின் பரப்பில் குமிழிகள் உருவாக இடம் கிடைக்கிறது, வேறொன்றுமில்லை.

உப்பு நீரின் கனத்தைப் பற்றி நெல் விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாளித் தண்ணீரில் ஒரு முட்டையைப் போட்டு, அது மேலே வந்து நாலணா அகலத்துக்குத் தலைகாட்டும்வரை உப்பைக் கரைப்பார்கள். பிறகு விதைநெல்லைக் கொட்டினால் பதரும் அரைவயிறும் மிதக்கும், திரண்ட மணி மூழ்கும். மிதப்பதை அரித்து எறிந்துவிட்டு, மூழ்கியதை உடனே இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கழுவாமல் விட்டால் என்ன ஆகும் என்பதுதான் அடுத்த கதை.

மாவடுவை எடுத்துக்கொள்வோம். உப்புப் போட்டுக் குலுக்கி வைத்தால், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே மூன்று நாளில் ஜாடிக்குள் தண்ணீர் நிற்கும், வடு சுருங்கியிருக்கும். அது மாங்காயின் தண்ணீர்தான். ஒவ்வொரு செல்லையும் சுற்றி இருக்கும் சவ்வு தண்ணீரை விடும், உப்பை எளிதில் விடாது. உப்பு வெளியே அதிகம், எனவே தண்ணீர் வெளியே வருகிறது. ஜாடிக்குள் தப்பி நுழைந்த பாக்டீரியாவும் ஒரு செல்தானே? அதற்கும் இதே கதி. பலர் நினைப்பதுபோல உப்பு அதற்கு விஷமில்லை. அது தாகத்தால் செயலிழக்கிறது.

இதை அளக்க உணவுத் துறையினர் வைத்திருக்கும் அளவு "நீர்ச் செயல்திறன்". சுத்தத் தண்ணீருக்கு 1. பெரும்பாலான கெடுக்கும் பாக்டீரியாக்களால் 0.91க்குக் கீழே வளர முடியாது. உப்பை இனிமேல் கரையாது என்னும் அளவுக்குக் கரைத்தால், அதாவது 100 கிராம் தண்ணீருக்கு ஏறக்குறைய 36 கிராம் போட்டால், நீர்ச் செயல்திறன் 0.75க்கு இறங்கிவிடும்.

இந்த 0.75 உங்கள் சமையலறையில் இன்னோர் இடத்திலும் ஒளிந்திருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். இரண்டும் ஒரே எண், ஒரே காரணம். ஐப்பசி மழையில் உப்பு ஜாடி வேர்ப்பதும், ஆவணியில் ஊறுகாய் கெடாமல் நிற்பதும் ஒரே குணத்தின் இரு பக்கம். கல்லுப்பு தூளுப்பைவிட அதிகம் கசிகிறதென்றால் அதில் மக்னீசியம் குளோரைடு ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். அது மிகக் குறைந்த ஈரப்பதத்திலும் தண்ணீரை இழுக்கும். தூத்துக்குடி உப்பளங்களில் கடல்நீரைப் பாத்தி பாத்தியாகக் காய வைக்கும்போது, உப்புக்கு முன்பே ஜிப்சம் பிரியும். நீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுண்டி, அடர்த்தியை அளக்கும் மானியில் 25 டிகிரி காட்டும்போது உப்பு இறங்கும். அதையும் தாண்டி விட்டுவைத்தால் மக்னீசியம் உப்புகள் சேர்ந்து இறங்கிக் கசக்கும். அதனால்தான் மிச்சக் கசப்பு நீரை வடித்து விடுகிறார்கள். நீர் அடர அடரக் காய்வதும் மெதுவாகும். அங்கேயும் உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கிறது.

அதே உப்பளத்தில் சில பாத்திகள் சிவந்து கிடப்பதைப் பார்த்திருக்கலாம். உப்பையே விரும்பி வாழும் நுண்ணுயிர்களும், டுனாலியெல்லா என்ற பாசியும் செய்கிற வேலை அது. டுனாலியெல்லாவின் தந்திரம் எளிமையானது. வெளியே உப்பு ஏற ஏற, தனக்குள் கிளிசராலைத் தயாரித்துச் சேர்த்துக்கொள்கிறது. இரண்டு பக்கமும் சமமானால் தண்ணீர் ஏன் வெளியே போகப்போகிறது? உப்பு விரும்பும் அந்த நுண்ணுயிர்கள் சில நேரம் உப்போடு சேர்ந்து கருவாட்டுக்கும் வந்துவிடும். கருவாட்டில் இளஞ்சிவப்புப் படர்ந்திருந்தால் அவைதான், வாங்காதீர்கள்.

உப்பு எல்லாக் கிருமியையும் ஒரே மாதிரி அடக்குவதில்லை என்பதில்தான் சமையலின் சூட்சுமமே இருக்கிறது. இரண்டு மூன்று சதவீத உப்பில், அழுகச் செய்யும் பாக்டீரியாக்கள் தளரும், லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் தளராது. அவை பெருகிப் புளிக்க வைக்கும், புளிப்பு மிச்சக் கிருமிகளை விரட்டும். உப்பு நீரில் ஊறப்போடும் காய்கறி எல்லாம் இப்படித்தான் தப்பிக்கிறது. இட்லி மாவில் லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்கு முக்கியப் பங்கு. வழக்கமாகப் போடுகிற உப்பை அது தாங்கும். அதனால் உப்பை மாவு கரைக்கும்போதே போடுவதா, பொங்கியபின் போடுவதா என்ற குடும்பச் சண்டைக்கு என் தீர்ப்பு: சென்னை வெயிலில் முதலிலேயே போடுங்கள், கொஞ்சம் நிதானமாகப் புளிக்கும். ஊட்டியில் கடைசியில் போடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ரத்த அழுத்தம் இருக்கிறவர்களுக்காக ஊறுகாயில் உப்பைப் பாதியாக்கிவிட்டு, பழையபடி அலமாரியிலேயே வைப்பவர்கள் இருக்கிறார்கள். இது ஆபத்து. உயிரையே பறிக்கக்கூடிய பொட்டுலினம் நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியாவை உப்பால் மட்டுமே தடுப்பதென்றால் நீரில் 10 சதவீதம் அளவுக்கு உப்பு வேண்டும். உப்பைக் குறைத்தால் புளிப்பைக் கூட்டுங்கள், அல்லது பிரிட்ஜில் வையுங்கள், அல்லது ஒரு வாரத்தில் தீர்கிற அளவுக்கு மட்டும் போடுங்கள்.

இன்னும் இரண்டு சமையலறைக் கேள்விகள் என்னிடம் அடிக்கடி வரும். முதலாவது, உப்புப் போட்டால் பருப்பு வேகாது என்பது. இதில் நம் மொழியே நம்மைக் குழப்புகிறது. போர் தண்ணீரை நாம் "உப்புத் தண்ணி" என்கிறோம். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. உண்மைதான். ஆனால் அந்தக் குற்றத்தைச் செய்வது பெரும்பாலும் கால்சியமும் மக்னீசியமும், சமையல் உப்பு இல்லை. பருப்பின் செல்களை ஒட்ட வைத்திருக்கும் பெக்டினைக் கால்சியம் இறுக்குகிறது. சோடியம் அந்தக் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துத் தளர்த்தவே செய்யும். கொண்டைக்கடலை, ராஜ்மாவை லேசாக உப்புப் போட்ட தண்ணீரில் ஊறவைத்துப் பாருங்கள், தோல் வெடிக்காமல் மெத்தென்று வேகும். இரண்டாவது, குழம்பில் உப்பு கூடினால் உருளைக்கிழங்கு போட்டால் "இழுத்துக்கொள்ளும்" என்பது. உருளைக்கிழங்கு குழம்பை உறிஞ்சும், அதோடு அதில் கரைந்த உப்பும் உள்ளே போகும். உப்பை மட்டும் பிரித்தெடுக்கும் வித்தை அதனிடம் இல்லை. மிச்சக் குழம்பு அதே கரிப்பில்தான் இருக்கும். கூடவே இன்னொரு காயும் தண்ணீரும் சேர்த்து அளவைப் பெருக்குவதுதான் வழி.

அப்புறம் உயிர்கள். வால்பாறைப் பக்கம் மழையில் நடப்பவர்கள் துணியில் உப்பு முடிந்து வைத்துக்கொள்வார்கள். அட்டையின் தோல் ஈரமான மெல்லிய சவ்வு, உப்புப் பட்டதும் அதன் உடல் நீர் வெளியே ஓடுகிறது. நத்தைக்கும் அப்படியே. மனிதத் தோல் அப்படி இல்லாததால் நாம் கடலில் குளித்துவிட்டு வீடு வந்து சேர்கிறோம்.

செடிக்கு அந்த வசதி கிடையாது. தண்ணீர் வேருக்குள் போக வேண்டுமென்றால் வேரின் உள்ளே கரைசல் அடர்ந்தும் மண்ணில் நீர்த்தும் இருக்க வேண்டும். மண்ணில் உப்பு ஏறினால் கணக்கு மாறிவிடுகிறது. தண்ணீர் நிற்கிற வயலில் பயிர் தாகத்தால் வாடும். எனக்கு இது புத்தகத்தில் புரிந்ததைவிட வீட்டில் நன்றாகப் புரிந்தது. ஒரு வருடம் மாவடு தீர்ந்ததும் ஜாடியில் மிஞ்சிய நீரை, "வீணாக்க வேண்டாமே" என்று கறிவேப்பிலைச் செடியின் அடியில் ஊற்றினேன். ஒரே வாரத்தில் இலை நுனிகள் கருகின. அடுத்த வாரம் செடி போய்விட்டது. வேதியியல் படித்தவன் செய்கிற வேலையா என்று வீட்டில் இன்றைக்கும் கேட்கிறார்கள்.

தமிழில் உவர் என்றும் களர் என்றும் இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள், வைத்ததில் அர்த்தம் இருக்கிறது. உவர் நிலத்தில் கரையும் உப்பு அதிகம். நல்ல தண்ணீரைக் கட்டி, வடிய விட்டால் உப்பும் வடிந்துவிடும். 2004 சுனாமியில் நாகப்பட்டினம் வயல்களுக்குள் கடல் ஏறியபோது பலர் இனி விளையாது என்றே நினைத்தார்கள். அடுத்து வந்த மழைகள் மேலுப்பைக் கழுவிக் கீழே இறக்கியதால் பல வயல்கள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் மீண்டன. களர் நிலம் வேறு ரகம். அங்கே சோடியம் களிமண் துகள்களிலேயே ஒட்டிக்கொண்டு அவற்றைப் பிரித்துவிடுகிறது. மண் நனைந்தால் சேறு, காய்ந்தால் கல். தண்ணீர் உள்ளே இறங்காது, வெறும் தண்ணீரால் கழுவவும் முடியாது. ஜிப்சம் போட்டு, அதிலிருக்கும் கால்சியத்தால் சோடியத்தை வெளியேற்றிய பிறகுதான் கழுவ வேண்டும். உவரா களரா என்று மண் பரிசோதனை செய்யாமல் ஜிப்சம் மூட்டையை இறக்குவது காசுக்குக் கேடு.

உப்பிலேயே வாழும் செடிகள் என்ன செய்கின்றன? ஆளுக்கொரு வழி. பிச்சாவரம், முத்துப்பேட்டைச் சதுப்பு நிலங்களில் இருக்கும் ரைசோபோரா மரங்கள் வேரிலேயே பெரும்பங்கு உப்பை வடிகட்டிவிடுகின்றன. அவிசீனியா உப்பை உள்ளே விட்டு, இலை வழியாக வெளியேற்றுகிறது. காலையில் இலையைத் தடவினால் கையில் கரிக்கும். உப்பளக் கரையில் முளைக்கும் உமரி, உப்பைத் தன் சதைப்பற்றான இலைக்குள் அறை கட்டிப் பூட்டி வைக்கிறது. உள்ளேயே உப்பு அதிகம், எனவே தண்ணீர் உள்ளே வரும். நம் கணக்குதான், உமரி அதைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. உமரிக்கீரை சமைக்கும்போது உப்புப் பார்த்துப் போட வேண்டும் என்பதற்கும் காரணம் அதுவே.

கடல்மீனின் உடலுக்குள் கடலைவிட உப்பு குறைவு. ஆகவே கடலுக்குள் இருந்துகொண்டே அது தண்ணீரை இழந்துகொண்டிருக்கிறது. ஈடுகட்டக் கடல்நீரைக் குடிக்கிறது, உப்பைச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. ஏரிக் கெண்டைக்கு எதிர்ப் பிரச்சினை: தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும், ஓயாமல் சிறுநீராகக் கழிக்க வேண்டும். முகத்துவாரத்தில் திரியும் கொடுவாவும் மடவையும் இரண்டு வேலையையும் மாற்றி மாற்றிச் செய்யத் தெரிந்தவை. சென்னைக் கடற்கரையில் தை, மாசி இரவுகளில் முட்டையிட ஏறும் பங்குனி ஆமைகளின் கண்ணில் நீர் வழிவதைப் பார்த்து, பிரசவ வலியில் அழுகிறது என்று உருகுவார்கள். கண்ணுக்குப் பக்கத்திலுள்ள சுரப்பி, கடல்நீரைவிட அடர்ந்த உப்பு நீரை வெளியேற்றுகிறது. மண் படாமல் கண்ணையும் கழுவிவிடுகிறது.

நம்மிடம் அந்தச் சுரப்பி இல்லை, சிறுநீரகம் மட்டும்தான். அதனால் கடல்நீர் அளவுக்கு உப்பைச் செறிவாக்கி வெளியேற்ற முடியாது. ஒரு லிட்டர் கடல்நீரைக் குடித்தால், அந்த உப்பைக் கழிக்கச் சுமார் ஒன்றரை லிட்டர் சிறுநீர் போக வேண்டும். குடிக்கக் குடிக்க உடல் வற்றும்.

ஆனால் வாந்தியும் பேதியுமாக உடல் வற்றிக் கிடப்பவரைக் காப்பாற்றுவதும் உப்புதான். வெறும் தண்ணீர் கொடுத்தால் காலராக் குடலில் அது நிற்காது. 1960இல் உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் ஒன்றை முன்வைத்தார்: சிறுகுடல் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் ஒரே வாசலில் ஜோடியாக நுழைகின்றன. பேதியின்போதும் அந்த வாசல் மூடுவதில்லை. உப்பு உள்ளே போனால் தண்ணீர் பின்னாலேயே போகும். 1971இல் வங்கதேச விடுதலைப் போர் அகதிகள் மேற்கு வங்கத்தின் பன்கான் முகாமில் குவிந்து காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று டிரம்மில் கலக்க வைத்தார். உறவினர்களே அதை மொண்டு நோயாளிக்குப் புகட்டினார்கள். நூற்றுக்கு 30 பேர் அளவுக்கு இருந்த சாவு, அவருடைய பராமரிப்பில் நாலு பேருக்கும் கீழே வந்தது. இன்று மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் உப்பு லிட்டருக்கு 2.6 கிராம்தான். பொட்டலம் கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அரை டீஸ்பூனைத் தாண்டாதீர்கள். உப்பு அதிகமானால் குடலுக்குள் இருக்கும் கரைசல் ரத்தத்தைவிட அடர்ந்துவிடும், தண்ணீர் எதிர்ப்பக்கம் திரும்பும்.

ரத்த அழுத்தத்தில் உப்புக்கு இருக்கிற பங்கு இதே கதையின் மெதுவான வடிவம்: ரத்தத்தில் சோடியம் கூடினால் தண்ணீரும் கூடத் தங்கும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூன். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

இப்போது தென்னை. தென்னைக்குக் குளோரைடு ஒரு சத்து. இலையின் நுண்துளைகளைத் திறந்து மூடி, நீர் வீணாகாமல் பார்த்துக்கொள்ள அதற்குக் குளோரைடு மற்ற மரங்களைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. கடலோர மரத்துக்கு உப்புக் காற்றே அதைக் கொண்டுவந்து கொடுத்துவிடும். உள்நாட்டு மரத்துக்குப் பற்றாக்குறை வரலாம். 1970களில் பிலிப்பைன்ஸில் நடந்த ஆய்வுகளில், பொட்டாசியம் குளோரைடு உரத்துக்கு மரங்கள் நன்றாகக் காய்த்ததில் பொட்டாசியத்தைவிடக் குளோரைடின் பங்கே பெரிது என்று தெரியவந்தது. ஆக, நம் தாத்தாக்கள் குழியில் கல்லுப்புப் போட்டது வெறும் நம்பிக்கை இல்லை. ஆனால் அவர்கள் காலத்தில் உர மூட்டை இல்லை. கடையில் பொட்டாஷ் என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் அதே பொட்டாசியம் குளோரைடுதான். ஒழுங்காகப் பொட்டாஷ் வைக்கிறவர் தோப்பில் மரத்துக்கு வேண்டிய குளோரைடு ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது. செம்மண், மணல் பாங்கான இடமாக இருந்து பொட்டாஷும் வைப்பதில்லை என்றால் கல்லுப்பு போடலாம், மழை கழுவிவிடும். களிமண்ணாகவோ போர் தண்ணீர் ஏற்கெனவே கரிப்பாகவோ இருந்தால் வேண்டாம். கன்று தாங்கினாலும் ஊடுபயிராகப் போட்ட வாழை தாங்காது.